உஷார்! நாண்டை நகலெடுக்காமல் 'வீ'யில் கைவைக்காதீர்கள்

பரணிலிருந்து பழைய நின்டெண்டோ 'வீ'யை இறக்கித் தூசி தட்டி, "இதுல என்னமோ மாத்தினா புதுசு புதுசா ஏத்தி ஆடலாமாம்" என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால், முதலில் அவர்கள் கையிலிருக்கும் ரிமோட்டை வாங்கி வைத்துவிடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாண்ட் பேக்கப் எடுத்தாச்சா?" இல்லை என்று பதில் வந்தால் அன்றைக்கு அந்தப் பெட்டியில் வேறு எந்த வேலையும் நடக்கக் கூடாது. தீம் மாற்றுவது, சேனல் ஏற்றுவது, கருவியின் உள் மென்பொருளான ஐஓஎஸ்ஸை மாற்றுவது எதுவானாலும் சரி, நகல் கையில் வந்த பிறகுதான்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மதியம் அக்கா மகனிடமிருந்து போன் வந்தது. அவனுக்கு அப்போது பதினாலு வயது. குரலே சரியில்லை.

"மாமா, வீ ஆன் ஆகுது. ஆனா ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கு. முன்னாடி லைட்டு மட்டும் பச்சையா எரியுது."

"என்னடா பண்ணினே?"

மெனுவின் தோற்றத்தை மாற்ற ஒரு தீம் ஏற்றியிருக்கிறான். அந்தக் கருவியை அத்தான் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்தார். அது ஐரோப்பிய வகை. அவன் ஏற்றியதோ அமெரிக்க வகைக்கான தீம். வீயில் தீம் என்பது போனில் வால்பேப்பர் மாற்றுவது போன்றதல்ல. மெனுவின் படங்கள், ஒலிகள், அசைவுகள் எல்லாம் அடங்கிய ஒரு கோப்பையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைக்கும் வேலை. பகுதியும் மெனுவின் பதிப்பு எண்ணும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மெனு எழும்போதே தடுக்கி விழும். மெனு எழவில்லை என்றால் அதிலிருந்து, வெளி நிரல்களை ஓட்ட உதவும் ஹோம்ப்ரூ சேனலுக்கும் போக முடியாது, செட்டிங்ஸுக்கும் போக முடியாது. கதவுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதைதான்.

"பேக்கப் எடுத்தியாடா?" என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வீடியோவுல அதைக் கடைசில சொன்னாங்க மாமா" என்றான்.

அந்தப் பதில் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கடைசியில் சொன்னார்கள்! முதல் வேலையாகச் செய்ய வேண்டியதை முடிந்தால் செய்துகொள்ளுங்கள் என்கிற தோரணையில் கடைசியில் சொல்லிக்கொடுத்தால், பதினாலு வயதுப் பையன் அதுவரை காத்திருப்பானா?

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். "இதே மாடல் இன்னொண்ணு என்கிட்ட இருக்கு சார், அதோட டம்ப்பை இதுல ஏத்திடலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அது நடக்காத காரியம். ஏன் நடக்காது என்பதைப் புரிந்துகொண்டால் போதும், பேக்கப் எடுக்காமல் எவரும் அந்தப் பெட்டியைத் தொடமாட்டார்கள். அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வீக்குள் 512 எம்பி அளவுள்ள நாண்ட் ஃபிளாஷ் சிப் ஒன்று இருக்கிறது. மெனு, சேனல்கள், சேமித்த ஆட்டங்கள், நீங்கள் செய்துவைத்த மீ பொம்மைகள், செய்திப் பலகையில் வந்த கடிதங்கள், வைஃபை விவரம் எல்லாம் அதற்குள்தான். ஹார்ட் டிஸ்க் கிடையாது. இந்தச் சிப்பில் இருப்பது வெளிப்படையாக எழுதப்படவில்லை. சங்கேதமாக்கி, யாரும் மாற்றவில்லை என்பதற்கான முத்திரையும் போட்டுத்தான் எழுதப்படுகிறது. சங்கேதத்துக்கு 16 பைட் சாவி ஒன்று, முத்திரைக்கு 20 பைட் சாவி ஒன்று. இந்த இரண்டும் நாண்டில் இல்லை. 'ஹாலிவுட்' என்று பெயர் வைத்த பெரிய சிப்புக்குள், ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய 128 பைட் இடத்தில், தொழிற்சாலையிலேயே பதித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் சாவி வேறு. இந்த ஊரில் இருக்கும் வீயின் சாவியும் அடுத்த ஊரில் இருக்கும் வீயின் சாவியும் ஒன்றாக இருக்காது.

ஆகவே இன்னொரு கருவியின் நாண்டை அப்படியே கொண்டுவந்து உங்கள் சிப்பில் எழுதினால், உங்கள் ஹாலிவுட் அதைத் தன் சாவியால் திறந்து பார்க்கும், குப்பையைத்தான் காணும். அடுத்தவர் வீட்டு மூலப்பத்திரத்தை வைத்து உங்கள் மனையை விற்க முடியாது, அல்லவா? அதே நிலைதான். உங்கள் கருவியிலிருந்து, அது உயிரோடு இருக்கும்போது, நீங்கள் எடுத்த நகல் ஒன்றுதான் உங்கள் கருவிக்கு ஆகும். உலகத்தில் வேறு எங்கேயும் அது கிடைக்காது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

சாவியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கருவி எழுந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, அதற்குள் இருக்கும் 'ஸ்டார்லெட்' என்ற சின்னச் செயலியில் நம் நிரல் ஓடினால்தான் அந்த 128 பைட்டைப் படிக்க முடியும். கறுப்புத் திரையோடு நிற்கும் கருவியில் நம் நிரலை ஓடவிட வழி ஏது? வீயின் ரகசியச் சாவிகளை முதன்முதலில் வெளியே எடுத்தவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். கேம்க்யூப் ஆட்டம் ஓடும் நிலையில் வீயின் நினைவகத்தில் ஒரு பகுதிதான் கண்ணுக்குத் தெரியும். அவர்கள் சாதாரண இடுக்கி ஒன்றை எடுத்து, பலகையில் முகவரிக் கம்பிகளின் முனைகளைத் தொட்டு இணைத்து, மறைந்திருந்த பகுதிகளையும் அந்தச் சன்னல் வழியே பார்க்க வைத்தார்கள். இடுக்கிக்கு ஆங்கிலத்தில் ட்வீசர். அந்த நினைவில்தான் அந்தக் குழுவுக்கு டீம் ட்வீசர்ஸ் என்றே பெயர் வந்தது. 'புஷிங்' என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த பென் பையர் அந்தக் குழுவில் முக்கியமானவர். 2016 பிப்ரவரியில் காலமானார். நாண்டை நகலெடுக்க இன்று நாம் நம்பியிருக்கும் 'பூட்மீ' இந்தக் குழுவின் கைவண்ணம்தான். 2009-ல் வெளிவந்தது. மென்பொருள் எழுதுவதில் அத்தனை தேர்ந்தவர்களே நகலெடுக்க ஒரு வழியைச் செய்துகொடுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிக்கொண்டு போய்த் தீம் ஏற்றுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போது இன்னொரு அபாயம். இது பலருக்குத் தெரிவதே இல்லை. பூட்மீ எல்லா வீயிலும் ஒரே மாதிரி உட்காருவதில்லை.

வீ எழும் முறை படிப்படியானது. முதல் படி ஹாலிவுட்டுக்குள்ளேயே இருக்கிறது, மாற்ற முடியாதது. அது நாண்டின் முதல் கட்டத்தில் இருக்கும் 'பூட்1'ஐச் சரிபார்த்து ஓட்டும். பூட்1, அடுத்த கட்டங்களில் இருக்கும் 'பூட்2'வைச் சரிபார்த்து ஓட்டும். பூட்2தான் மெனுவை எழுப்பும். ஆரம்ப காலக் கருவிகளில் பூட்1-ன் சரிபார்ப்பில் ஓர் ஓட்டை இருந்தது. கையொப்பத்தை ஒப்பிடும்போது எழுத்துச் சரங்களை ஒப்பிடும் கட்டளையைத் தவறாகப் பயன்படுத்தியதால், சுழியம் வந்த இடத்திலேயே ஒப்பிடுவதை நிறுத்திவிடும். போலிக் கையொப்பம் உள்ளே நுழைந்துவிடும். அந்தக் கருவிகளில் பூட்மீயைப் பூட்2 இருக்கும் இடத்திலேயே வைக்கலாம். அப்படி வைத்துவிட்டால் மெனு செத்தாலும் கவலை இல்லை. மெனுவுக்கு முன்பே பூட்மீ எழுந்து நிற்கும். எஸ்டி கார்டிலிருந்து பழைய நகலை எழுதி மீட்டுவிடலாம்.

பிறகு வந்த கருவிகளில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். பூட்1-ன் அடையாளம் ஹாலிவுட்டில் பதிந்திருப்பதால் அதை நாம் மாற்றவும் முடியாது. இவற்றில் பூட்மீ ஓர் ஐஓஎஸ் ஆக மட்டுமே உட்காரும். அதாவது, மெனு எழுந்து, அதிலிருந்து ஹோம்ப்ரூ சேனலுக்குப் போய், அதிலிருந்துதான் பூட்மீயை அழைக்க முடியும். மெனுவே எழாவிட்டால் பூட்மீயும் எழாது. அக்கா மகனுடைய கருவி இந்த வகைதான். இந்த வகைக்காரர்கள் 'பிரீலோடர்' என்பதையும் ஏற்றி வைக்கிறார்கள். அது மெனுவுக்குச் சற்று முன்னால் நின்று, ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் வேறு வழி காட்டும். ஆனால் அதையும் நகல் எடுத்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

ஹோம்ப்ரூ சேனலையும் பூட்மீயையும் ஏற்றும் ஹேக்மீ இன்ஸ்டாலரை ஓட்டும்போது, உங்கள் கருவியில் பூட்மீயைப் பூட்2-ல் வைக்கலாமா, ஐஓஎஸ் ஆக மட்டும்தானா என்று அதுவே சோதித்துத் திரையில் சொல்லும். அந்த வரியை அவசரமாக 'தொடர்' அழுத்தித் தாண்டாதீர்கள். ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்கு எத்தனை தூரம் தப்பிக்க வழியிருக்கிறது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது. இரண்டாம் வகை என்றால் நகல் வீண் என்று நினைத்துவிடவும் கூடாது. பெட்டியைத் திறந்து, சிப்பில் கம்பி சாலிடர் செய்து, வெளியிலிருந்து எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நகல் இருந்தால் அவர்கள் பிழைக்க வைப்பார்கள். இல்லாவிட்டால் அவர்கள் கையிலும் எழுத ஒன்றும் இருக்காது.

சரி, எடுப்பது எப்படி? ஹோம்ப்ரூ சேனலும் பூட்மீயும் உள்ளே வர வேண்டும். அதுவே ஒரு சின்ன மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு அடுத்த வேலையாக நகல்தான். பூட்மீ திரை வந்ததும் ரிமோட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு "ஹேங் ஆயிடுச்சு" என்று பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். அங்கே வீ ரிமோட் வேலை செய்யாது. கேம்க்யூப் கன்ட்ரோலர் இருந்தால் அதைச் சொருகுங்கள். இல்லையென்றால் கருவியின் முகப்பில் இருக்கும் பட்டன்களே போதும். பவர் அழுத்தினால் அடுத்த படத்துக்கு நகரும், ரீசெட் அழுத்தினால் தேர்வாகும். பல்சக்கரப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே நகல் எடுக்கவும் திரும்ப எழுதவும் தனித்தனிப் படங்கள் இருக்கும்.

இங்கே நில்லுங்கள், கண்ணைத் திரையில் வையுங்கள். பச்சை அம்பு இருப்பது நகலெடுக்க. சிவப்பு அம்பு இருப்பது திரும்ப எழுத. பச்சை, நாண்டிலிருந்து கார்டுக்கு. சிவப்பு, கார்டிலிருந்து நாண்டுக்கு. படிப்பதால் நாண்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. நடுவில் கரண்ட் போனாலும் பாதியில் நின்ற கோப்பை அழித்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். சிவப்பு அப்படியல்ல. அது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி பழையதும் பாதி புதியதுமாக நிற்கும். பட்டனை ஒருமுறை கூடுதலாக அழுத்திவிட்டு அவசரத்தில் ரீசெட் தட்டுவது மிக எளிது. பிள்ளைகளை இந்த வேலைக்கு விட்டால் பக்கத்தில் உட்காருங்கள்.

நகல் ஓடும்போது திரையில் கட்டம் கட்டமாக நிரம்பிக்கொண்டே போகும். நாண்டில் மொத்தம் 4,096 கட்டங்கள். இடையில் ஒன்றிரண்டைக் கெட்ட கட்டம் என்று காட்டினால் பதறாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நாண்ட் சிப்பில் சில கட்டங்கள் கெட்டிருப்பது சகஜம்தான். அடுத்தவர் நகல் ஆகாது என்பதற்கு இது இன்னொரு காரணம். கெட்ட கட்டங்கள் ஒவ்வொரு சிப்பிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். எழுதி முடித்ததும் சரிபார்ப்பும் உண்டு. நேரமாகிறது என்று அதை விட்டுவிட்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே பதறும்.

கார்டைக் கணினியில் போட்டதும் முதலில் பார்க்க வேண்டியது கோப்பின் அளவு. கணக்கு எளிதுதான். 4,096 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 64 பக்கங்கள், ஆக 2,62,144 பக்கங்கள். ஒரு பக்கத்துக்கு 2,048 பைட் தகவலும், பிழை திருத்தத்துக்கு 64 பைட்டும் சேர்த்து 2,112. பெருக்கினால் 55,36,48,128. கடைசியில் சாவிகள் அடங்கிய 1,024 பைட்டைப் பூட்மீ ஒட்டிவைக்கும். ஆக மொத்தம் 55,36,49,152 பைட். உங்கள் 'நாண்ட்.பின்' கோப்பின் பண்புகளைத் திறந்து இந்த எண் வருகிறதா என்று ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். "சுமார் 528 எம்பி இருக்கு, போதும்" என்று விட்டுவிடாதீர்கள். சாவிகள் தனியாக 'கீஸ்.பின்' என்ற கோப்பாகவும் கார்டில் இருக்கும். வெறும் 1 கேபி. எதற்கோ வந்த துணுக்குக் கோப்பு என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள், ஐயோ! அந்தச் சாவிகள் இருந்தால்தான் நாண்டுக்குள் இருப்பதைக் கணினியில் திறந்து பார்க்கவும் பழுது திருத்தவும் முடியும். நாண்ட் நகல் பழுதாகிப்போனாலும், சாவிகள் கையில் இருந்தால் புதிதாக ஒரு நாண்டைக் கணினியிலேயே கட்டி எழுப்ப மென்பொருள் இருக்கிறது. சாவிகளும் போனால் அந்தக் கதவும் மூடிவிடும்.

முடிந்தால் அதே அமர்வில் இரண்டாவது நகலும் எடுங்கள். முதல் கோப்பைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கார்டைத் திரும்பச் சொருகி, மறுபடி பச்சை அம்பு. இரண்டின் ஹேஷ் எண்ணையும், அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணையும், கணக்கிட்டு ஒப்பிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360-ல் கைவைத்தவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. அந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் நாண்ட் 16 எம்பிதான். கம்பி சாலிடர் செய்து, இரண்டு மூன்று முறை படித்து, எல்லாம் ஒத்துப்போனால்தான் அடுத்த வேலைக்குப் போவார்கள். ஒத்துப்போகாவிட்டால் சாலிடரைத் திரும்பப் பார்ப்பார்கள். நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கும் இதே விதிதான். அதில் கருவிக்கே உரிய அடையாளங்கள் ஒரு தனிப் பிரிவில் இருக்கின்றன. அது அழிந்தால் அடுத்தவர் கருவியிலிருந்து வாங்கி ஒட்ட முடியாது. வீ யூவில் நாண்டோடு 1,024 பைட் ஓடிபி கோப்பையும் 512 பைட் சீப்ராம் கோப்பையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் சங்கதி ஒன்றே.

கார்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். நடைபாதையிலும் ஆன்லைனிலும் விலை குறைவாகக் கிடைக்கும் கார்டுகளில் போலிகள் உண்டு. மேலே 32 ஜிபி என்று அச்சடித்திருக்கும், கணினியும் 32 என்றே காட்டும், உள்ளே உண்மையில் அதில் கால்வாசிகூட இருக்காது. நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் பழையதன் மேல் விழும், அல்லது எங்கேயும் விழாது. கோப்பின் பெயரும் அளவும் சரியாகவே தெரியும். திறந்தால்தான் பொய் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். நகல் எடுப்பதற்கு முந்தின நாள் இரவே அதை ஓடவிட்டுவிடுங்கள். கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், 32 ஜிபிக்கு மேல் போகாதீர்கள். கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டுத் தள்ளியையும் பாருங்கள். அது கீழே இறங்கியிருந்தால் ஒன்றும் எழுதாது.

எடுத்த நகலை அதே கார்டில் விட்டு, அந்தக் கார்டையும் கருவிக்குள்ளேயே விட்டுவிட்டு, "பேக்கப் இருக்கு" என்று சொல்லாதீர்கள். கணினியில் ஒன்று, வீட்டில் வேறு டிரைவில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று என்று வையுங்கள். கோப்பின் பெயரோடு கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும், எடுத்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் இரண்டு வீ இருந்து, எது எதனுடையது என்று தெரியாமல் போனால் எல்லாம் பாழ்.

இன்னொரு எச்சரிக்கை, இதை யாருமே சொல்வதில்லை. அந்த நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள். "உன் நாண்டைக் கொஞ்சம் அனுப்பேன், என்னுது செத்துப்போச்சு" என்று நண்பன் கேட்பான். அவனுக்கு அது உதவாது என்பது மேலேயே பார்த்தோம். ஆனால் உங்களுக்குக் கேடு உண்டு. கருவியின் அந்தரங்கச் சாவி அதில் இருக்கிறது. உங்கள் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு அதில் இருக்கிறது. செய்திப் பலகையில் யார் யாருக்கு எழுதினீர்கள் என்பதும் இருக்கிறது. சாவிகளும் அதே கோப்பின் வாலில் ஒட்டியிருப்பதால், திறந்து படிக்க விரும்புகிறவனுக்கு வேறெதுவும் தேவையில்லை. எவரும் பார்க்கும்படி பொது டிரைவில் ஏற்றி வைப்பது வீட்டுச் சாவியை வாசல்படியில் வைப்பதற்குச் சமம்.

"நான் எதையும் மாற்றப் போவதில்லை, எனக்கு எதற்கு இதெல்லாம்" என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2009 செப்டம்பர் 28 அன்று வந்த 4.2 மெனு அப்டேட்டை நினைவுபடுத்துகிறேன். அது பூட்2-வையே திரும்ப எழுதியது. ஹோம்ப்ரூ ஏற்றியவர்களைத் தடுக்கும் நோக்கம் அதற்கு இருந்தது. அந்த எழுதும் வேலை சில கருவிகளில் தவறிப்போய், எதையுமே மாற்றாதவர்களின் பெட்டிகளும் செத்துப்போனதாகப் புகார்கள் எழுந்தன. கொரியக் கருவிகளைப் பகுதி மாற்றி வைத்திருந்தவர்களுக்கு அதே அப்டேட்டுக்குப் பிறகு 'எரர் 003' என்ற திரை வந்து நின்றது. அப்போதாவது பழுது பார்க்க நிறுவனமே இருந்தது. ஜப்பானில் வீக்கான பழுது பார்ப்புச் சேவையை நின்டெண்டோ 2020 மார்ச் 31-உடன் நிறுத்திக்கொண்டது. உதிரி பாகங்கள் கிடைப்பது கடினமாகிவிட்டது. வீ ஷாப் 2019 ஜனவரி 30 அன்று மூடப்பட்டது. அங்கே விற்ற சின்னச் சின்ன ஆட்டங்களைப் புதிதாக வாங்க வழியில்லை. உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்ற பெட்டி இது. ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டிக்கு இன்றைக்கு ஆதரவென்று இருப்பது, நீங்கள் எடுத்துவைக்கும் அந்த ஒரு கோப்பு மட்டும்தான்.

சேமித்த ஆட்டங்களைத்தான் எஸ்டி கார்டுக்கு மாற்றலாமே என்று சிலர் வாதாடுவார்கள். எல்லாவற்றையும் முடியாது. மாரியோ கார்ட் வீ, ஸ்மாஷ் பிரதர்ஸ் ப்ரால் போன்றவற்றின் சேமிப்புக் கோப்புகளை நகலெடுக்க மெனுவே அனுமதிக்காது. நாண்டின் முழு நகலில் அவையும் சேர்ந்து வரும்.

அக்கா வீட்டில் போனது அதுதான். இரண்டு வருடம் அண்ணனும் தம்பியும் சேர்ந்து திறந்த அத்தனை வண்டிகளும், அத்தனை பாதைகளும். அதைவிட அம்மாவுக்கு வருத்தம் வேறொன்றில். பேரன்கள் அவளுக்கு ஒரு மீ செய்து வைத்திருந்தார்கள். வெள்ளைக் கொண்டை, பெரிய கண்ணாடி. பொட்டு வைக்க வசதி இல்லை என்று மச்சம் வைக்கும் இடத்தை நெற்றிக்கு நகர்த்திப் பொட்டாக்கியிருந்தான் சின்னவன். அந்தப் பொம்மையை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பௌலிங் ஆடுவாள். முட்டிவலியோடு எழுந்து நின்று, முந்தானையைச் செருகிக்கொண்டு, கையை வீசுவாள். "என் பொம்மை எங்கேடா?" என்று கேட்டபோது சின்னவனால் பதில் சொல்ல முடியவில்லை. திரும்பச் செய்துவிடலாம் என்று சொன்னேன். எதில் செய்வது?

அந்தப் பெட்டி இன்னும் அக்கா வீட்டு ஷோகேஸில்தான் இருக்கிறது. பெரியவன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வரும்போது பழைய வீ ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தான். பெட்டியைப் பிரித்த அன்று இரவு பதினோரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கணினித் திரையில் நாண்ட்.பின் கோப்பின் பண்புகளைத் திறந்து எடுத்த படம்.

"மாமா, சைஸ் சரியா இருக்கா பாருங்க. இன்னும் எதையும் தொடலை."

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன். 55,36,49,152.

"சரியா இருக்குடா. கார்டை மறுபடி போட்டு இன்னொண்ணு எடு. ரெண்டோட ஹேஷையும் அனுப்பு. நான் முழிச்சிட்டுதான் இருக்கேன்" என்று பதில் போட்டேன்.